ஹாப்கின்ஸின் ஒரு வினைச்சொல்

ஹாப்கின்ஸ் 1880-இல் எழுதிய 'ஸ்பிரிங் அண்ட் ஃபால்' கவிதையை நண்பர் ஒருவர் தமிழாக்கி எங்களுக்குப் படித்துக் காட்டினார். சரளமான தமிழ். ஆனால் 'அன்லீவ்' என்ற வினை வருமிடத்தில் 'தோப்பு இலைகளை உதிர்க்கிறது' என்று எழுதியிருந்தார். என் ஆட்சேபம் இந்த ஒரு சொல் பற்றியதுதான். கவிதை நிற்பதும் அதன்மேல்தான்.

'அன்லீவ்' புழக்கத்தில் அநேகமாக இல்லாத வினை. 'அன்' என்ற முன்னொட்டு பெயரடையோடு சேர்ந்தால் வெறும் மறுப்பு. 'அன்கைண்ட்' என்றால் அன்பற்ற. வினையோடு சேர்ந்தால் செய்ததைத் திருப்புவது. 'அன்டை' என்றால் கட்டியதை அவிழ்ப்பது. பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் அதைப் பறித்துவிடுவது; 'அன்ஹார்ஸ்' என்றால் குதிரையிலிருந்து வீழ்த்துவது. 'அன்லீவ்' இந்தக் கடைசி வகை. இலை என்ற பெயரே வினையாகி, அதே சொல்லுக்குள் பறிபோகவும் செய்கிறது.

தமிழில் கட்டுவதற்கு ஒரு வினை, அவிழ்ப்பதற்கு வேறொரு வினை. 'அவிழ்' என்பதில் கட்டு தெரிவதில்லை. 'அன்லீவ்' என்பதில் போகிற இலை தெரிந்துகொண்டே இருக்கிறது. நான் வேலை பார்க்கும் வங்கியில் தப்பாக ஏறிய தொகையை அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுகிறோம். பழைய பதிவும் பக்கத்திலேயே நிற்கும். இந்தச் சொல்லும் அப்படித்தான்.

'இலை உதிர்கிறது' என்றால் தோப்பு காணாமல் போகிறது. 'தோப்பு உதிர்க்கிறது' என்றால் தோப்பே விரும்பிச் செய்ததாகிறது. ஹாப்கின்ஸின் தோப்பு எதையும் செய்யவில்லை, அதற்கு நேர்கிறது. நண்பரின் 'உதிர்க்கிறது' இழப்பைத் துறவாக்கிவிட்டது. இது அவர் ஒருவரின் பிசகு அல்ல. சாவு, முதுமை, பிரிவு எது வந்தாலும் அதைப் பற்றறுத்தலாக மாற்றி நிம்மதியடையும் பழக்கம் நம் எழுத்தில் ஊறிப்போயிருக்கிறது.

கவிதை அந்த நிம்மதியைத் தரவில்லை. இலைகளுக்காக அழும் சிறுமியிடம், வயதானால் இந்தக் காட்சிகள் உன்னைத் தொடாது, ஆனாலும் அழுவாய், காரணமும் தெரிந்திருக்கும் என்கிறது. அவள் துக்கப்படுவது தனக்காகவே என்று முடிகிறது. எழுதியவர் பாதிரியார், ஆறுதல் சொல்வது அவர் தொழில். இங்கே சொல்லவில்லை.

'தோப்பு இலையிழக்கிறது' என்று வைக்கலாம் என்றேன். 'லீவிங்' என்ற ஒலியில் கேட்கும் புறப்பாடு இதில் வராது. அது நஷ்டம்தான். ஆனால் தோப்பு சந்நியாசியாகாது.

நண்பருக்கு இன்னும் சம்மதமில்லை.