போஸ்: குடும்பப்பெயர் இயற்பெயராகவும் இடப்பெயராகவும் மாறுதல்

தமிழகத்தில் ‘போஸ்’ என்னும் பெயருடையோரைத் ‘தலைவர் பெயர் பெற்றோர்’ என ஒரே வகையில் அடக்குவது எளிது. ஆயின், அவ்வகைப்பாடு இப்பெயர் அடைந்த மாற்றத்தை மறைத்துவிடுகிறது. சுபாஷ் சந்திர போஸ் என்பதில் போஸ் குடும்பப்பெயர். வங்காளத்துக் காயஸ்தர்களிடையே வழங்கும் ‘பாசு’ என்பதன் ஆங்கிலவழி வடிவம். தமிழ்ப் பெயரமைப்பிலோ குடும்பப்பெயருக்கு நிலையான இடமில்லை. தலைப்பெழுத்து முன்னும் இயற்பெயர் பின்னும் நிற்கும். ஆகவே, அயலார் பெயரின் இறுதிச்சொல்லை இயற்பெயராகக் கொண்டதை அறியாமை எனல் பொருந்தாது. அது தமிழ் முறைப்படி படித்ததன் விளைவு. காந்தி, நேரு, லெனின் ஆகியனவும் இவ்வாறே இயற்பெயர்களாயின. (நெல்லைக் காந்திமதியை இவ்வரிசையில் சேர்த்துவிடலாகாது, அது அம்மன் பெயர்.) சோவியத் நாட்டில் லெனின் நினைவாக விளாத்லென், நினேல் என்று புதுப்பெயர்களும் புனையப்பட்டன. தமிழருக்கு அத்தகைய புனைவு தேவைப்படவில்லை.

இப்படிப்பின் தெளிவான சான்று சென்னைத் தெரு ஒன்றில் உள்ளது. முன்பு சைனா பஜார் சாலை என வழங்கியது, இன்று என்.எஸ்.சி. போஸ் சாலை. நேதாஜி என்னும் சிறப்புப்பெயரும் சுபாஷ் சந்திர என்னும் இயற்பெயரும் தலைப்பெழுத்துகளாகச் சுருங்க, இயற்பெயருக்குரிய இடத்தில் குடும்பப்பெயர் அமர்ந்துள்ளது. இப்பெயர்ப்பலகையைப் படிப்போர்க்கு அவர் ஒரு தமிழர்போலவே தோன்றுவார்.

இம்மாற்றத்தைப் பெயரமைப்புச் செய்தியாக மட்டும் கொள்வதும் குறைபாடே. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைத் துறக்க வலியுறுத்தியது. சொந்தச் சாதிப்பட்டங்கள் உதிரத் தொடங்கிய அந்நூற்றாண்டிலேயே, வங்காளத்தில் சாதியை உணர்த்தும் ஒரு பெயர் அப்பொருளை இழந்து தமிழ்க் குழந்தைகளுக்கு இடப்பட்டது. இதனைச் சாதி நீங்கிய பெயர் என்று முடிவு கட்டுவதும் அவசரமே. 1939இல் போஸ் தொடங்கிய பார்வர்டு பிளாக், முத்துராமலிங்கத் தேவரின் தலைமையால் தென்மாவட்டங்களில் வேரூன்றியது. அங்கு இப்பெயர் சில சூழல்களில் சமூகச் சார்பையும் உணர்த்துகிறது. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தமிழர் நினைவும் இப்பெயரில் கலந்திருப்பதால், அவ்வுணர்த்தலைப் பொதுவிதியாக்க இயலாது. பெயரை மட்டும் நோக்காமல், இட்ட ஊரும் குடும்பமும் காலமும் சேர்த்து ஆராய்ந்தாலன்றி இவ்வேறுபாடு புலப்படாது.

வங்காளத்தில் தலைமுறைதோறும் தொடரும் அச்சொல், தமிழகத்தில் போஸின் மகனுக்குப் ‘போ.’ என்னும் தலைப்பெழுத்தாகிறது; பேரனின் பெயரில் அதுவும் இல்லை.