கணக்குக் கேட்கும் உரிமை எவருக்கு?

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் புகழாத மேடை இல்லை. ஊன்றிப் படித்தவரோ மிகச் சிலர். புதுப்பட்டினத்திற்கு மேற்கே, பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர் அது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் அதன் கோயிற்சுவரில் இவ்வெழுத்துகள் பொறிக்கப்பட்டன. உலகிற்கே குடியாட்சி கற்பித்த மண் என மார்தட்டுவோர் உளர். கல் உண்மையில் என்ன கூறுகிறது? பழமையென்பதற்காகப் பணிவதும் வேண்டா, பழிப்பதும் வேண்டா, ஆராய்வோம்.

முதலில் குறை. குடவோலை என்பது வாக்களிப்பன்று. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்யும் முறை. அந்த ஓலையில் பெயர் ஏறுவதற்கே எத்தனை வேலிகள்! வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்கவேண்டும். வேதப் பயிற்சியும் வேண்டும். அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் அவை அது. ஏரி வாரியம் இருந்தது. ஏரி நீரால் உழுது பயிரிட்ட உழைப்பாளிக்கு அதில் இடமில்லை. பெண்ணுக்கும் இடமில்லை. இதனையா குடியாட்சியின் முழுவடிவம் என்பது?

அடுத்து நிறை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் உறுப்பினனாக முடியாது. அவன் தந்தை, மகன், மாமனார், மருமகன், மைத்துனன் எவருக்கும் இடமில்லை! பதவி சுற்றத்தின் சொத்தாகிவிடும் என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அறிந்து போட்ட பூட்டு இது. கல்வெட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் புகழ்மாலை சூட்டுவோர் குடத்தைப் பாடுகின்றனர், கணக்கை மறைக்கின்றனர். ஏன்? குடத்தைப் பாடினால் எந்த ஆட்சியாளர்க்கும் நோவதில்லை. கணக்கைப் பேசினால் நோகும்.

அன்று கணக்குக் கேட்டவர் அவையோர் மட்டுமே. இன்றோ 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊர் வாக்காளர் அனைவரையும் கிராம சபை உறுப்பினராக்கியது. 1994-இல் இராசத்தான் சிற்றூர்களில் கூலித் தொழிலாளர், பொதுப்பணி வருகைப் பட்டியலை ஊரறியப் படிக்கவைத்து, வேலை செய்யாதோர் பெயரில் கூலி எழுதப்பட்டதை அம்பலமாக்கினர். அங்கு மூண்ட கிளர்ச்சியே 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாகக் கனிந்தது. பள்ளி காணாத பாட்டாளிகள் பெற்றுத்தந்த படைக்கலம் அது!

அதனை நாம் ஏந்துகிறோமா? புதுப்பட்டினக் கடற்கரை 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலையைக் கண்டது. அணுமின் நிலையமோ அருகே கல்பாக்கத்தில். நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு நெருக்கடிக்காலத் திட்டம் வகுக்கப்படுவது நடைமுறை. அந்நாளில் எவ்வழியே வெளியேறுவது, எவ்விடத்தில் தங்குவது, எவர் அறிவிப்பார்? சாலைக்கும் குடிநீருக்கும் ஒதுக்கிய பணம் எத்தனை, செலவான பணம் எத்தனை? இவற்றைக் கேட்பது கலகமன்று, குடிமகனின் கடமை.

தேர்தல் நாளன்று விரலில் மையேற்றிக்கொண்டு, ஐந்தாண்டு வாய்மூடியிருப்பது குடத்தில் ஓலையிட்ட கதையே. தோழர்களே, அடுத்த கிராம சபைக்கு வேடிக்கை பார்க்கப் போகாதீர், வினாவோடு போங்கள். தீர்மானம் உங்கள் கண்முன் எழுதப்படுகிறதா எனப் பாருங்கள். விடை மறுக்கப்படின் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எழுத்தால் கேளுங்கள். காரணம் கூறவேண்டியதில்லை எனச் சட்டமே சொல்கிறது. கல்லில் எழுதியதைப் போற்றுவது எளிது. கணக்கேட்டைப் புரட்டுவதே அரிது; அதுவே பயன் தருவது.