கதையைக் கண்ட தூரிகைகள்

ஏலத்தோட்ட லயங்களிலும், நெடுங்கண்டம், சாந்தன்பாறைக் கடைவீதிகளிலும், போடியில் இருந்து வந்த காலண்டர்கள் இன்றும் சுவரை அலங்கரிக்கின்றன. மயிலோடு முருகன், தாமரையில் நின்ற கோலத்தில் லட்சுமி, வீணையோடு சரஸ்வதி. தெய்வத்துக்கு இதுதான் முகம் என்று நம் கண் பழகிவிட்டது. இந்த முகங்களுக்கு ஒரு வம்ச வரலாறு உண்டு. அதில் பள்ளிகள் உண்டு, குருசீடர்கள் உண்டு, தரம் பற்றிய கடும் வாதங்களும் உண்டு. மலைநாட்டுத் தமிழர்களாகிய நாம் அதை அறிந்திருப்பது நல்லது. ஏனென்றால் அந்த வரலாற்றில் இன்னும் வரையப்படாத பெரிய படம் ஒன்று நம் மலைக்கு உரியது.

சுவரும் பலகையும்

எண்ணெய் வண்ணம் வருவதற்கு முன்பே இரண்டு வலுவான மரபுகள் நம்மிடம் இருந்தன. ஒன்று கேரளச் சுவரோவியம். மட்டாஞ்சேரி அரண்மனையில் இராமாயணமும், கிருஷ்ணபுரம் அரண்மனையில் கஜேந்திர மோட்சமும், பத்மநாபபுரத்தின் மேல்மாடத்தில் தெய்வ உருவங்களும் இன்றும் காணக் கிடைக்கின்றன. தியான சுலோகம் சொல்லும் வடிவத்தை மனத்தில் நிறுத்தி, ஐந்து வண்ணங்களுக்குள் வரைவது அவர்கள் முறை. சாத்விகக் குணத்துக்குப் பச்சை, ராஜசத்துக்குச் சிவப்பு என்று நிறமே குணத்தைச் சொல்லிவிடும். மற்றொன்று தஞ்சாவூர் ஓவியம். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடு எழுப்பி, தங்கத் தகடும் கற்களும் பதிப்பார்கள். இரண்டிலும் பெரும்பாலும் தெய்வம் நம்மை நேராகப் பார்க்கும். கதை சொன்னாலும் தரிசனம்தான் முதல் நோக்கம்.

லண்டனும் கிளிமானூரும்

1848இல் லண்டனில் ரோசெட்டி, மில்லே, ஹன்ட் முதலிய இளம் ஓவியர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். அரச கலைக் கழகத்தின் பழகிப்போன பாணியை மறுத்து, ரஃபேலுக்கு முந்தைய ஓவியத்தின் நேர்மையைத் தேடினார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஆர்தர் மன்னன் கதைகள் மீண்டும் அச்சேறியிருந்தன. டென்னிசன் அவற்றைக் கவிதையாக்கினார். அதை வாசித்த ஓவியர்கள் கதையின் ஒரு கணத்தைப் பிடித்து வரைந்தார்கள். டென்னிசன் கவிதையின் நாயகியாக வாட்டர்ஹவுஸ் 1888இல் வரைந்த ஷாலட் சீமாட்டி, படகைக் கட்டிய சங்கிலியைக் கையால் நழுவ விடுகிறாள். படகின் முனையில் மூன்று மெழுகுவத்திகள், இரண்டு அணைந்துவிட்டன. சாவு நெருங்குவதைச் சொல்ல அந்தத் திரிகளே போதும்.

அதே 1848இல் திருவிதாங்கூரின் கிளிமானூரில் ரவிவர்மா பிறந்தார். 1862இல் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் திருவனந்தபுரம் வந்தார். அங்கே எண்ணெய் வண்ண வித்தை தெரிந்தவர் மதுரைப் பக்கத்து ராமசாமி நாயக்கர். அவர் கற்றுத்தர மறுக்க, அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் இரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்று வரலாறு கூறுகிறது. 1868இல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் வரைவதை அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. கேரளத்துப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை, தமிழ்க் கைகளிடமும் ஐரோப்பியக் கையிடமும் கற்றார். எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இந்தக் கலப்பு அந்நியமானதல்ல.

நகரத் தொடங்கிய புராணம்

1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்ற ரவிவர்மா, 1876இல் துஷ்யந்தனுக்கு மடல் எழுதும் சகுந்தலையை வரைந்தார். சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு அதை வாங்கிக்கொண்டார். பரோடா மன்னர் சயாஜிராவுக்காகப் பதினான்கு புராணப் படங்கள் வரைய ஒப்புக்கொண்டதும், தம்பி ராஜராஜவர்மாவோடு வடநாடெங்கும் பயணம் செய்து உடை, நகை, முகச்சாயல்களைக் கவனித்தார். இதிகாசப் பெண்களுக்கு இந்தியா முழுவதும் ஏற்கும் உடை எது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை பெரும்பாலும் சேலைதான். அந்த விடையைத்தான் பிறகு நாடகமும் சினிமாவும் எடுத்துக்கொண்டன.

அன்னம் சொல்லும் நளன் கதையைக் கேட்டு நிற்கிறாள் 1899ஆம் ஆண்டின் தமயந்தி. நளன் படத்தில் இல்லை. ஆனால் அவள் முகத்தில் இருக்கிறான். ஜடாயு வதத்தில் இராவணன் வாள் வீசி முடித்துவிட்டான், சிறகு அறுந்துவிட்டது, சீதை முகத்தை மறைத்துக்கொள்கிறாள். பழைய சுவரில் நம்மைப் பார்த்து நின்ற தெய்வங்கள் இப்போது ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கின. ரவிவர்மாவின் பெரிய சாதனை இதுதான். நம் காப்பியப் பாத்திரங்களுக்கு அவர் அந்தரங்கத்தைக் கொடுத்தார்.

1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம், பின்னர் லோனாவாலா அருகே மாலவலிக்கு மாறியது. நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களில் மாறிமாறி அச்சிட்டு உருவான ஓலியோகிராஃப் படங்கள், கோயிலுக்குள் போக முடியாதவர் வீட்டுக்குள்ளும் தெய்வத்தைக் கொண்டுவந்தன. 1901இல் அச்சகம் ஜெர்மானியரான ஷ்லைக்கர் கைக்குப் போனது, படங்கள் நிற்கவில்லை. 1906இல் ரவிவர்மா மறைந்தபோது பாரதியார் இரங்கற்பா எழுதினார்.

எதிர்க்குரல்

அந்தப் பாராட்டுக்கு நடுவில் கடுமையான மறுப்பும் எழுந்தது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி, இவை நாடகத்தனம் மிகுந்தவை, இந்தியக் கற்பனையில் ஊன்றாதவை என்றார். பாரதியார் குருவாகப் போற்றிய நிவேதிதையும் ரவிவர்மாவின் சகுந்தலையை ஏற்கவில்லை. வங்கத்தில் அவனீந்திரநாத் தாகூர் அஜந்தாவையும் மொகலாய நுண்ணோவியத்தையும் வழிகாட்டியாகக் கொண்டார். தமிழில் அஜந்தா வழியை வாழ்நாள் முழுதும் காத்தவர் எஸ். ராஜம் (1919–2010). இசை மும்மூர்த்திகளை நாம் இன்று மனத்தில் காண்பது அவர் கோட்டில்தான். தீபாவளி மலர்களில் அவர் வரைந்த புராணக் காட்சிகளில் நிழலும் சதையும் குறைவு. கோடும் பாவமும் மிகுதி.

கோவில்பட்டிப் பள்ளி

நம் வீட்டுச் சுவருக்கு மிக நெருங்கிய பள்ளி இதுதான். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற கொண்டையராஜு (1898–1976), நாடகக் குழுவோடு திரைச்சீலை வரைபவராக வந்து 1940களில் கோவில்பட்டியில் தங்கினார். டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் முதலிய சீடர்கள் அவரைச் சூழ்ந்தனர். பக்கத்துச் சிவகாசி அச்சகங்கள் அவர்கள் படங்களைக் காலண்டர்களாக நாடெங்கும் அனுப்பின. ரவிவர்மாவின் உடல் திரட்சி, தஞ்சாவூர்ப் பலகையின் நேர்முகம், நாடகத் திரையின் மாளிகைத் தூண்கள் மூன்றும் இங்கே ஒன்றுசேர்ந்தன. மீனாட்சி கல்யாணப் படத்தில் அம்மன் மணப்பெண்ணாக நாணுகிறாள். அதே நேரம் நாம் கும்பிடவும் இடம் தருகிறாள். இதை மலிவுக் கலை என்று ஒதுக்குவது அறியாமை.

தரம் காண்பது

இத்தனை பள்ளிகளையும் ஒரே கோலால் அளக்க முடியாது. ஆனாலும் மூன்று கேள்விகளை எதனிடமும் கேட்கலாம். முதலாவது, ஓவியர் கதையின் எந்தக் கணத்தைத் தேர்ந்தார்? அந்தக் கணத்தில் முன்நடந்ததும் பின்வருவதும் தெரிகிறதா? இரண்டாவது, நிலமும் பொருளும் மெய்யானவையா? நாடகப் பாத்திரமான ஒஃபீலியாவை வரைய மில்லே ஆற்றங்கரையில் மாதக்கணக்கில் அமர்ந்து செடிகொடிகளை இலை இலையாக வரைந்தார். மூன்றாவது, முகத்தில் அந்தப் பாத்திரம் இருக்கிறதா, மாதிரிக்கு நின்ற ஆளா? இந்த மூன்றாம் கேள்வியில் விக்டோரியா காலத்து ஓவியர் பலர் தடுமாறினார்கள். ரவிவர்மாவின் சில படங்களும் தடுமாறும். நம் சுவரோவியர் ஒருபோதும் தடுமாறவில்லை.

மூன்றுக்கும் வேர் ஒன்றே. ஓவியர் கதையை ஆழ வாசித்திருக்க வேண்டும். டென்னிசன் இல்லாமல் வாட்டர்ஹவுஸின் படகு இல்லை. காளிதாசன் இல்லாமல் ரவிவர்மாவின் சகுந்தலை இல்லை.

நம் மலையின் கதை

சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் அச்சில் தந்தது 1892இல். அப்போது ரவிவர்மாவின் வடமொழிக் காப்பிய நாயகியர் அரண்மனைகளில் இடம் பிடித்துவிட்டார்கள். கண்ணகி பிந்தி வந்தாள். பூம்புகாரில் அவள் கதை கல்லில் உண்டு, சென்னைக் கடற்கரையில் 1968இல் நிறுவிய சிலையாகவும் நிற்கிறாள். அங்கெல்லாம் நாம் அறிவது பெரும்பாலும் நீதி கேட்ட, சிலம்பேந்திய கண்ணகியை.

மதுரை எரிந்த பிறகு பதினான்கு நாள் நடந்து, மலையேறி, வேங்கை நிழலில் நின்ற கண்ணகி வேறு. கோபம் தீர்ந்து, களைத்து, ஒரு முலை இழந்து நின்றவள். அவளைக் கண்டு சேர மன்னனிடம் சொன்னவர்கள் மலைவாழ் குறவர்கள். குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில் சித்திரை முழுநிலவன்று கேரளத்தாரும் தமிழகத்தாரும் கூடி அவளை வணங்குகிறார்கள். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1960களில் அந்தக் கோயிலை ஆராய்ந்து, கண்ணகி கோட்டம் அதுவே என்று நிறுவப் பாடுபட்டார்.

வேங்கை எப்படிப் பூக்கும், மலைச்சரிவில் மூடுபனி எந்த நேரத்தில் ஏறும், நெடுவழி நடந்து வந்த பெண்ணின் கால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் நம் உடும்பஞ்சோலைப் பிள்ளைகளுக்குத் தெரியும். போடிமெட்டு ஏறி வேலைக்கு வந்த பாட்டிமார் அந்த நடையை வாழ்ந்தவர்கள். ஆகவே நம் பள்ளிகளின் ஓவியப் போட்டிகளில் இயற்கைக் காட்சி, தேசத் தலைவர் என்ற தலைப்புகளோடு வேங்கை நிழல் கண்ணகியையும் சேருங்கள். வரைய வைப்பதற்கு முன் வஞ்சிக் காண்டத்தின் தொடக்கத்தை ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டட்டும். நல்ல ஓவியம் அந்த வாசிப்பில்தான் பிறக்கிறது என்பதற்கு லண்டனும் கிளிமானூரும் கோவில்பட்டியும் சாட்சி.