திரிதலும் அவாவுதலும்: இலக்கண நூல்களில் பேடு

ஆண், பெண் பகுப்பிற்குள் அடங்காதோரைத் தமிழ் மரபு மதித்தது என்பதற்குத் தொல்காப்பியமும் நன்னூலும் ஒருசேரச் சான்று காட்டப்படுகின்றன. இரண்டும் ஒன்றையே கூறுகின்றனவா என்பது ஆராயத்தக்கது.

தொல்காப்பியம் இவர்களை உயர்திணையுள் வைக்கிறது. தனி ஈறின்றி உயர்திணைப் பாலீறுகளையே கொள்வர் என்கிறது. ஆயின் ஆண்மை ‘திரிந்த’ நிலையாகவே சுட்டுகிறது. நன்னூலின் அளவுகோல் வேறு. பெண்மை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால். ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால். உடலன்று, விருப்பமே பாலை வரையறுக்கிறது. எனினும் அந்நூற்பாவே இவ்விருவரும் அஃறிணை போன்றும் வழங்கப்பெறுவர் என முடிகிறது.

இது சொல்முடிபு பற்றிய விதி மட்டுமே என்பர் ஒருசாரார். மக்கள் என்னும் கருத்தே உயர்திணைக்கு அடிப்படையாதலின், இவ்விளக்கம் நிறைவளிப்பதில்லை. விருப்பத்தை ஏற்ற நூலே மாந்தத்தகுதியை ஐயத்திற்குரியதாக்குகிறது.

இம்முரண் இன்றும் வேறு வடிவில் தொடர்கிறது. 2014ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் பாலினத்தைத் தாமே அறிவிப்பதை உரிமையாக ஏற்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ அவ்வுரிமையைக் கூறியும் மாவட்ட நிருவாகத்தின் சான்றிதழை வேண்டியது.

ஆகவே நன்னூலைப் பெருமிதச் சான்றாக மட்டும் காட்டுவது பாதி நூற்பாவைப் படிப்பதாகும். இருபாலையும் அவாவாதோர்க்கு அதில் இடமே இல்லை. ‘திருநர்’ என்னும் இக்காலச் சொல்லின் ரகர ஈறு, ஆண், பெண் எனப் பிரித்துச் சுட்டாது உயர்திணையை உறுதிசெய்கிறது. இலக்கணம் தயங்கிய இடத்தை வழக்கு கடந்துள்ளது.