ஆயி இடித்த வீடு

புதுச்சேரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் பாரதி பூங்காவின் நடுவிலுள்ள வெள்ளை மண்டபத்தின் முன் படமெடுத்துக்கொள்கிறார்கள். புதுச்சேரி அரசின் சின்னமும் அந்த மண்டபம்தான். தூணும் வளைவுமாக ஐரோப்பாவிலிருந்து பெயர்த்து வைத்ததுபோல் இருக்கும் அதற்கு ஒரு தாசியின் பெயர் என்றதும் வியப்பார்கள். உடனே வழிகாட்டி கதையைத் தொடங்குவார்.

16ஆம் நூற்றாண்டு. இவ்வழியே வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்றெண்ணிக் கும்பிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் சினந்து, இடித்துத் தள்ள ஆணையிட்டார். தானே இடித்துக்கொள்வதாகக் கேட்டுக்கொண்ட ஆயி, வீடிருந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். 300 ஆண்டுகள் கழித்து, குடிநீருக்குத் தவித்த பிரெஞ்சு நகரத்துக்கு முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீர் வந்தது. கதையைக் கேட்டு நெகிழ்ந்த 3ஆம் நெப்போலியன் அவள் பெயரில் இந்த மண்டபத்தை எழுப்பச் செய்தார்.

செவிவழிக் கதைதான். ஆனால் அதைச் சொல்லி முடிக்கும்போது தவறாமல் வந்து விழும் ஒரு சொல் இருக்கிறதே, ‘தியாகம்’, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தவறாகக் கும்பிட்டது அரசன். அதற்கு வீட்டை இழந்தவள் ஆயி. ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் தலை வணங்கிவிட்ட அவமானத்தை அந்த வீட்டையே இல்லாமலாக்கித் துடைத்துக்கொள்ளும் அதிகாரத்தின் பெயரைக் கதை சொல்லுவதே இல்லை. தண்டனையைத் தியாகம் என்று மாற்றிச் சொன்னால் தண்டித்தவர் தப்பித்துவிடுகிறார். கதையின் இரு முனையிலும் இரண்டு அரசர்கள். ஒருவர் சினக்கிறார், ஒருவர் நெகிழ்கிறார். நடுவில் மண்வெட்டியோடு நின்றவளைக் குறித்து ஒரு வரி. ‘ஆயி’ என்றால் தாய். அவளை இப்படி அழைத்தது தண்ணீர் குடித்த ஊராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பூங்காவிலிருந்து சிறிது தூரத்தில், துய்மா வீதித் தேவாலயத்தின் எதிரே, ழான் தார்க்கின் சிலை நிற்கிறது. 1431-இல் எரிக்கப்பட்டு 1920-இல் புனிதராக்கப்பட்டவள் அவள். அவளுக்காவது சிலை இருக்கிறது. ஆயிக்கு முகமே கிடையாது.

ஆணைக்குள் அகப்பட்ட பெண்கள் அந்த ஆணையையே தம் செயலாக்கிக்கொண்ட இன்னொரு நகரம் புவெனஸ் ஐரிஸ். அர்ஜென்டினாவின் தலைநகரான அங்கும் பயணிகள் தவறாமல் போகுமிடம் மே சதுக்கம். இராணுவ ஆட்சி கடத்திச் சென்ற தம் பிள்ளைகளைத் தேடி 1977 ஏப்ரல் 30 அன்று சில தாய்மார்கள் அங்கே கூடினர். கூட்டமாக நிற்கக் கூடாது, நடங்கள் என்றது போலீஸ். அவர்கள் நடந்தார்கள், சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி, வாரந்தோறும். அவர்களைத் திரட்டிய அசுசேனா வில்லாஃப்ளோர் அதே ஆண்டு டிசம்பரில் கடத்தப்பட்டார். 2005-இல் அவருடைய அஸ்தி அந்தச் சதுக்கத்திலேயே புதைக்கப்பட்டது. தாய்மார் கட்டிய வெள்ளைத் தலைத்துணியின் உருவம் தரையில் தீட்டப்பட்டிருக்கிறது. அங்கும் பயணிகள் படமெடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தரையில் நின்றுகொண்டு ‘யார் கடத்தினார்கள்?’ என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அங்கே யாரும் அந்தத் தாய்மாரின் நடையைத் தியாகம் என்று சொல்லி முடித்துவிடுவதில்லை.

நம் மண்டபத்தின் முன் அந்தக் கேள்வி எழுவதில்லை. வெள்ளைச் சுவரும் மஞ்சள் வெயிலும் அழகான படம் தருகின்றன, அதோடு சரி. ‘தாசி’ என்ற சொல்லை நாட்டியக்காரி என்று மென்மையாக்கிச் சொல்பவர்களும் உண்டு. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அரசனுக்கு ஏன் கோபம் வந்தது என்பதே புரியாமல் போய்விடும்.

சுற்றுலா வரைபடம் கடற்கரையிலும் பிரெஞ்சு வீதிகளிலும் முடிந்துவிடுகிறது. ஆயியின் தண்ணீர் வந்த முத்திரையர்பாளையம் மேற்கே சில கிலோமீட்டரில்தான் இருக்கிறது. மண்டபத்தைப் பார்க்க வரும் மாணவிகள் அங்கேயும் ஒரு நடை போய்வரலாம்.