ஒற்றர் படங்களும் உயிரின் விலையும்

ஒற்றரை அரசனுக்குக் கண்ணெனக் கொண்டு, ஒற்றாடல் எனத் தனியதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். பிறர் ஐயுறாத தோற்றமும், எது நேரினும் மறைபொருளை வெளியிடாத உறுதியும் ஒற்றனுக்கு வேண்டும் என்பதும், அவனுக்குச் செய்யும் சிறப்பினையும் பிறரறியச் செய்தலாகாது என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்துக்களாம். இவ்விலக்கணத்தோடு வைத்து நோக்குமிடத்து, இருபதாம் நூற்றாண்டில் உலகப் புகழெய்திய ஒற்றனாகிய ஜேம்ஸ் பொண்ட் விந்தையான படைப்பாகவே தோன்றுவான். புகுமிடமெங்கும் தன் பெயரைத் தானே எடுத்துரைப்பவன் அவன். அவனைப் பகைவரும் விருந்து வைத்து வரவேற்பர். 1962ஆம் ஆண்டிலே 'டொக்டர் நோ' என்னும் படத்தின் வாயிலாகத் திரையிலே தோன்றிய அவனுக்கு மறுதலையாக, 1965ஆம் ஆண்டிலே வேறிரண்டு ஒற்றர்கள் பிரித்தானியப் படங்களிலே தோன்றினர். ஒருவன் 'இப்கிரஸ் பைல்' என்னும் படத்தின் ஹரி பாமர். மற்றையவன் 'குளிரிலிருந்து வந்த ஒற்றன்' என்னும் படத்தின் அலெக் லீமஸ். பொண்ட் கனவு என்றும், ஏனைய இருவரும் உண்மை என்றும் கூறி அமைவது திறனாய்வாளர் பலரது வழக்கம். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

முதற்கண், இப்படைப்புக்கள் தோன்றிய சூழலை நோக்குதல் வேண்டும். பொண்டைப் படைத்த இயன் பிளெமிங் (1908–1964) இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே கடற்படையின் உளவுப் பகுதியிற் பணியாற்றியவர். அவரது முதல் நாவலாகிய 'கசினோ றோயல்' 1953இல் வெளிவந்தபோது பிரித்தானியாவிலே இறைச்சி இன்னும் பங்கீட்டு முறையிலேயே கிடைத்தது. அம்முறை 1954இலேதான் முற்றாக நீங்கிற்று. பேரரசும் நாளுக்கு நாள் சுருங்கி வந்தது. 1956இன் சுயெஸ் நெருக்கடி பழைய வல்லரசின் தளர்ச்சியை உலகறியச் செய்தது. உண்டியிலும் உடையிலும் குறைவறியாத, தனியொருவனாய் நின்று உலகைக் காக்கின்ற ஆங்கிலேயன் ஒருவனை அந்நாட்டு வாசகர் விரும்பி ஏற்றமை வியப்பன்று. இழந்த பெருமைக்குக் கற்பனையிலே கிடைத்த ஈடு அவன்.

ஜோன் லே காரே என்னும் புனைபெயர் பூண்ட டேவிட் கோண்வெல் (1931–2020) உளவுத்துறையிலே பணியாற்றிக்கொண்டிருக்கும்போதே நாவல் எழுதியவர். 1961இல் பேர்லின் நகரைப் பிரிக்கும் மதில் எழுந்தது. அதே ஆண்டிலே, பிரித்தானிய உளவுத்துறையினுள் இருந்துகொண்டே சோவியத் நாட்டுக்கு உழைத்த ஜோர்ஜ் பிளேக் 42 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். அத்துறையிலே உயர்பதவி வகித்த கிம் பில்பி 1963 தொடக்கத்திலே மொஸ்கோவுக்குத் தப்பியோடினான். பகைவன் கடலுக்கப்பாலுள்ள தீவொன்றில் அல்லன், அடுத்த மேசையிலேயே இருக்கக்கூடும் என்பது அப்போது யாவருக்கும் புலனாயிற்று. 1963இல் வெளிவந்த லே காரேயின் நாவல் இந்த ஐயத்தின் நடுவிலே பிறந்தது.

ஆயின், சூழல் வேறுபட்டமையால் ஒன்று பொய் என்றும் மற்றொன்று மெய் என்றும் முடிவு செய்தல் கூடாது. லென் டேற்றன் எழுதிய நாவலைத் தழுவிய 'இப்கிரஸ் பைல்' படத்தினைத் தயாரித்தவர் ஹரி சால்ற்ஸ்மன்; பொண்ட் படங்களின் தயாரிப்பாளர் இருவருள் ஒருவரும் அவரே. இசையமைத்த ஜோன் பரி, காட்சியமைப்பாளராகிய கென் அடம், படத்தொகுப்பாளராகிய பீற்றர் ஹன்ற் ஆகிய மூவரும் பொண்ட் படங்களிலே பணியாற்றியவர்களே. உட்புகுந்து பார்க்க இயலாத அமெரிக்கப் பொற்களஞ்சியத்தைக் 'கோல்ட்பிங்கர்' படத்துக்காகக் கற்பனையிலே கட்டியெழுப்பிய அதே கைதான், பாமரின் மங்கிய அலுவலகத்தையும் அமைத்தது. பளபளப்பும் புழுதியும் ஒரே பட்டறையிலிருந்து வந்தன.

நெறியாளர் சிட்னி பியூரி அப்படத்திலே கையாண்ட உத்திகள் குறிப்பிடத்தக்கன. பாமர் காலையிலே மணிக்கூட்டின் ஒலி கேட்டு எழுகிறான். கண்ணாடி அணிந்தாலன்றி அவனுக்கு எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. தானே கோப்பி அரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குச் செல்கிறான். மேலதிகாரியுடன் அவன் பேசும் பேச்சிலே சம்பள உயர்வும் இடம்பெறுகின்றது. படைக்குற்றம் ஒன்றிலிருந்து மீள்வதற்காகவே இப்பணிக்கு வந்த அவனிடத்து, உயர்குடி அதிகாரிகள்மீது மரியாதை கலவாத ஏளனம் உண்டு. கமரா விளக்குமூடிக்குப் பின்னிருந்தும், கதவிடுக்கினூடாகவும், சாய்ந்த கோணத்திலும் அவனை நோக்குகின்றது. தெருவிலே நிகழும் கைகலப்பொன்று தொலைபேசிக் கூண்டின் கண்ணாடியூடே காட்டப்படுகிறது. காண்போனும் உளவு பார்ப்பவனாகி, முழுவதையும் காணமாட்டாது தவிக்கிறான். மைக்கல் கெயினின் நடிப்பும் இத்தவிப்புக்குத் துணைபுரிகின்றது.

எனினும், இப்படத்தின் கதை மூளைச்சலவை செய்யும் பொறியொன்றினைச் சுற்றியே அமைந்தது. அயல்நாட்டுச் சிறையில் அடைபட்டதாக எண்ணிய பாமர், தப்பி வெளியே வந்ததும் இலண்டனிலேயே தான் இருந்தமையை அறிகிறான். பொண்ட் படமொன்றிலே இந்நிகழ்ச்சி வந்திருப்பின் அதனை எவரும் உண்மை வாழ்க்கையின் சித்திரம் என்றிரார். கோப்பி அரைத்தலும் கண்ணாடி அணிதலும் உண்மையின் தோற்றத்தைத் தருவனவேயன்றி, உண்மையாகா. ஆகவே இருவகைப் படங்களுக்குமிடையேயுள்ள வேறுபாட்டை ஆடையிலும் அறையிலும் தேடுதல் பயனற்றது. அதனை வேறிடத்திலே காணல் வேண்டும்.

அவ்விடம் யாதெனின், கதையினுள் நிகழும் சாவுக்கு அக்கதை கொடுக்கும் மதிப்பே எனலாம். 1964இல் வெளிவந்த 'கோல்ட்பிங்கர்' படத்திலே, பகைவனுக்கு எதிராகப் பொண்டுக்குத் துணைநின்ற இளம்பெண் ஒருத்தி உடல் முழுவதும் பொன்முலாம் பூசப்பட்டு இறந்து கிடக்கிறாள். அவளுக்காகப் பழிவாங்க வந்த தங்கையும் பின்னர் கொல்லப்படுகிறாள். பொண்டின் முகத்திலே துயரம் ஒரு கணம் தோன்றி மறைகிறது. கதை அடுத்த விளையாட்டுக்கு விரைகிறது. அப்பெண்ணின் பொன்னுடல் அப்படத்தின் அடையாளச் சின்னமாகவே நிலைபெற்றது. சாவு அங்கே அலங்காரமாயிற்று.

மாட்டின் றிட் நெறிப்படுத்திய 'குளிரிலிருந்து வந்த ஒற்றன்' படத்திலும் இளம்பெண் ஒருத்தி இறக்கிறாள். நூலகத்திற் பணிபுரியும் நான் பெரி என்பாள், பொதுவுடைமைக் கொள்கையிலே நம்பிக்கை வைத்தவள். லீமஸிடத்து அன்பு கொண்ட காரணத்தினாலேயே, தான் அறியாத சூழ்ச்சியொன்றிலே கருவியாக்கப்படுகிறாள். கிழக்கு ஜேர்மனிய உளவுத்துறையின் முண்ட் என்பவனை அழிக்கவே தான் அனுப்பப்பட்டதாக லீமஸ் நம்புகிறான். உண்மையோ நேர்மாறானது. முண்ட் இலண்டனின் கையாள்; அவனை ஐயுற்ற பீட்லர் என்னும் யூதனை அழித்து, முண்டைக் காப்பதே சூழ்ச்சியின் நோக்கம். தன் கொள்கையிலே உண்மையான பற்றுடைய பீட்லர் மாள, கொடியவன் பிழைக்கிறான். இறுதியிலே மதிலேறித் தப்ப முயலும்போது நான் பெரி சுடப்படுகிறாள். மறுபுறத்திலிருந்து லீமஸைக் குதிக்குமாறு அழைக்கிறார்கள். அவனோ அவள் கிடக்கும் பக்கமே இறங்கி, குண்டுபட்டு வீழ்கிறான். அவ்வொரு சாவினைக் கடந்து செல்ல அவனால் இயலவில்லை, படத்தினாலும் இயலவில்லை. றிச்சட் பேற்றனின் களைத்த முகமும், கறுப்பு வெள்ளைப் படப்பிடிப்பும் அம்முடிவுக்கு நம்மை ஆயத்தம் செய்கின்றன.

பகைவன் யார் என்னும் வினாவிலும் இவ்வேறுபாடு தெளிவாகும். 'றஷ்யாவிலிருந்து அன்புடன்' என்னும் பிளெமிங்கின் நாவலிலே (1957) பகைவர் சோவியத் உளவாளர். 1963இல் அது படமானபோது, இருதரப்பினரையும் ஏமாற்றும் இரகசியக் கும்பல் ஒன்று பகையின் தலைமையை ஏற்றது. கெடுபிடி யுத்தத்தின் உண்மையான பகைமை அகற்றப்பட்டு, எவரும் மனச்சாட்சி உறுத்தாமல் வெறுக்கக்கூடிய பகைவன் வைக்கப்பட்டான். லே காரேயோ, நல்ல நோக்கம் உடையோம் என்று கூறும் அரசுகளும் பகைவரின் தீய வழிகளையே மேற்கொள்ளும்போது, அந்நோக்கம் என்னவாகும் என்று வினவுகிறார்.

பொண்ட் படங்களைப் பயனற்றவை என ஒதுக்குதலும் நேர்மையாகாது. அவற்றின் விரைவும் நகையும் கண்கவர் வனப்பும் எளிதிற் கைவருவன அல்ல. 1969இல் வெளிவந்த படமொன்று, பொண்டின் புதுமனைவி கொல்லப்படுதலோடு முடிவுற்றது. 2006இல் வெளிவந்த 'கசினோ றோயல்' காதலியின் சாவை ஆறாத புண்ணாக்கிற்று. 2021இல் வெளிவந்த படத்திலே பொண்டும் மாண்டான். ஒரு காலத்திலே மறுதலையாக நின்ற மரபினிடத்திலே அவ்வொற்றன் இவ்வாறு பாடங்கேட்டான் எனலாம். மறுபுறத்திலே, கடுமைசான்ற படங்களுக்கும் ஓர் இடர் உண்டு. எத்தரப்பும் ஒன்றே என்னும் சலிப்பு வழக்கமாகிவிடின், அதுவும் பளபளப்பைப் போலச் சிந்தனைக்குத் தடையாகும். லீமஸின் கதை அவ்விடரிலிருந்து தப்புவது, அவன் இறுதியிலே ஒரு தெரிவினைச் செய்வதனாலேயாம்.

ஒற்றின்றி அரசு நடவாது என்பதை இருவகைப் படங்களும் மறுக்கவில்லை. அதன் செலவை யார் இறுப்பது என்ற கணக்கினைத்தான் ஒன்று மறைக்கிறது, மற்றொன்று காட்டுகிறது. நாட்டின் நன்மை என்னும் பெயரால் ஒருயிர் செலவிடப்படும்போது, அது யாருடைய உயிர், யாரைக் கேட்டுச் செலவிடப்பட்டது என்று வினவப் பழகுவோர்க்கு, மதிலினின்றும் கீழிறங்கிய லீமஸ் சிறந்த ஆசிரியனாவான்.