அரசு ஏன் கைதட்ட வேண்டும்?

71-வது தேசியத் திரைப்பட விருதுகள் 2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்டபோது தமிழ் ரசிகர்களுக்குக் கொண்டாட்டம்தான். சிறந்த தமிழ்ப் படம் 'பார்க்கிங்'. அதே படத்துக்காக எம்.எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது. 'வாத்தி' பாடல்களுக்காக ஜி.வி. பிரகாஷுக்கு இசை விருது. அந்த வாழ்த்து மழையில் பட்டியலின் இன்னொரு வரியைப் பலர் தாண்டிப் போய்விட்டார்கள்: சிறந்த இயக்குநர் சுதீப்தோ சென், படம் 'தி கேரளா ஸ்டோரி'. ஒளிப்பதிவு விருதும் அதற்கே. கேரள முதல்வர் பினராயி விஜயன் கண்டித்தார். மலையாளிகளின் கோபம் என்று நாம் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தைத் தடை செய்யச் சொல்பவன் அல்ல நான். 2023 மே மாதம் மேற்கு வங்க அரசு விதித்த தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது சரியான முடிவு. 2013-ல் மாவட்ட ஆட்சியர்களை வைத்து 144 போட்டு 'விஸ்வரூபம்' படத்தை நிறுத்திய நம் மாநில அரசு செய்தது தவறு. ஒருவர் தன் காசில் ஒருதலைப்பட்சமான படம் எடுக்கலாம், விரும்புகிறவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். என் கேள்வி அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அந்தப் படத்துக்கு அரசு ஏன் கைதட்ட வேண்டும்?

டீசரில் வந்த எண்ணிலிருந்து ஆரம்பிப்போம். கேரளத்திலிருந்து 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டு சிரியாவுக்கும் ஏமனுக்கும் அனுப்பப்பட்டதாக 2022 நவம்பரில் வந்த டீசர் சொன்னது. எந்த எண்ணைப் பார்த்தாலும் 'இது எங்கேருந்து வந்துச்சு?' என்று கேட்பது எங்கள் தொழிலில் ஊறிய பழக்கம். இயக்குநர் தந்த விளக்கம் இது: ஆண்டுக்கு 2,800 முதல் 3,200 பெண்கள் இஸ்லாத்துக்கு மாறுவதாக 2010-ல் உம்மன் சாண்டி சட்டசபையில் சொன்னாராம். அதைப் பத்து வருடத்துக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட 32,000. ஆனால் 2010-ல் கேரள முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன். சாண்டி முதல்வராக 2012-ல் சட்டசபையில் தந்த கணக்குப்படி, 2006-லிருந்து இஸ்லாத்துக்கு மாறிய இளம்பெண்கள் 2,667 பேர். அது ஆறு வருட மொத்தம். கட்டாய மதமாற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்றும் அவர் சொல்லியிருந்தார். பல வருட மொத்தத்தை ஒரு வருடக் கணக்காக்கி, பத்தால் பெருக்கி, மதம் மாறியவர்களையெல்லாம் ஐ.எஸ். முகாமுக்கு அனுப்பிவிட்டால் 32,000 கிடைக்கும். கோட் ரிவ்யூவில் இப்படி ஒன்று வந்தால் சின்னப் பையன்கூடத் திருப்பி அனுப்பிவிடுவான்.

நடந்தது என்ன? 2016-ல் காசர்கோடு, பாலக்காடு பகுதிகளைச் சேர்ந்த 21 பேர் ஐ.எஸ்.ஸில் சேர ஆப்கானிஸ்தான் போனார்கள். அதில் பெண்கள் உண்டு, மதம் மாறியவர்களும் உண்டு. அவர்களைப் பெற்றவர்களின் துயரம் உண்மையானது. அதை வைத்து ஒரு நல்ல படம் எடுத்திருக்கலாம். ஆனால் அந்த 21 பேரின் குடும்பங்களின் துயரத்தை 32,000 என்று ஊதிவிட்டால் அந்தக் குடும்பங்கள் காணாமல் போய்விடுகின்றன. மிஞ்சுவது ஒரு சமூகத்தின் மீதான சந்தேகம் மட்டும்தான்.

எதிர்ப்புக்குப் பிறகு தயாரிப்புத் தரப்பு டீசரை விலக்கிக்கொண்டது. இந்த எண்ணிக்கைக்கு நம்பகமான தரவு எதுவும் இல்லை, படம் கற்பனை கலந்தது என்ற அறிவிப்பைச் சேர்க்க 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஒரு ஜனநாயகம் செய்ய வேண்டியது அவ்வளவுதான்: படம் ஓடட்டும், பொய் எண் பொய் என்று பதிவாகட்டும்.

ஆனால் அரசுகள் அத்துடன் நிற்கவில்லை. உத்தரப் பிரதேசம் வரிவிலக்கு தந்தது. ஜி.எஸ்.டி. காலத்தில் 'டாக்ஸ் ஃப்ரீ' என்றால் என்னவென்று பார்க்க வேண்டும். அப்போது நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீத வரி, அதில் பாதி மாநிலத்தின் பங்கு. 200 ரூபாய் டிக்கெட்டில் 18 ரூபாயை மாநிலம் விட்டுக்கொடுக்கிறது. அந்தப் 18 ரூபாய் பொதுப் பணம். லக்னோவில் பஞ்சர் கடை வைத்திருக்கும் முஸ்லிமும் சோப்பு வாங்கும்போது, செருப்பு வாங்கும்போது அதே கஜானாவுக்குத்தான் கட்டுகிறார். தன்னைப் பற்றி ஊரே பயப்படுவதற்கு அவரே மானியம் கொடுக்கிறார்.

அடுத்தது தூர்தர்ஷன். 2024 ஏப்ரல் 5 அன்று படத்தை ஒளிபரப்பியது. கேரளத்தில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 26. மூன்று வார இடைவெளி. ஆளும் இடதுசாரிகளும் எதிர்க்கட்சியான காங்கிரஸும் சேர்ந்து எதிர்த்தும் பயனில்லை. குடிமக்கள் உண்மையான, நடுநிலையான தகவல் பெறும் உரிமையைக் காக்க வேண்டும் என்று பிரசார் பாரதிச் சட்டமே சொல்கிறது. அதே மாதம் இடுக்கி மறைமாவட்டம் மறைக்கல்வி மாணவர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டிய செய்தியும் வந்தது. தியேட்டரில் 'ஏ' சான்றிதழோடு ஓடிய படம் பள்ளிப் பிள்ளைகளின் பாடமாகிவிட்டது. அரசு ஒரு படத்துக்கு மரியாதை கொடுக்கும்போது மற்ற நிறுவனங்களுக்கும் கூச்சம் போய்விடுகிறது.

கடைசியாக விருது. 'ஜூரி அரசியலைப் பார்க்கல, கலையைத்தான் பார்த்துச்சு' என்பார்கள். சரி, கலையைப் பற்றியே பேசுவோம். காசர்கோட்டில் ஒரு நர்சிங் கல்லூரி விடுதி. நான்கு அறைத்தோழிகள். அதில் ஆசிஃபா மட்டும் திட்டத்தோடு வந்தவள். ஹிஜாப் போட்ட பெண்களை எவனும் தொடமாட்டான் என்று அவள் சொல்லும்போது, எதிரில் இருக்கும் கல்லூரி மாணவிகளுக்கு ஒரு எதிர்க்கேள்விகூடத் தோன்றுவதில்லை. ஆசிஃபா ஏன் இப்படி ஆனாள், அவளுக்கு ஒரு நாளாவது உறுத்தியதா என்று படமும் கேட்பதில்லை. பாத்திரங்களுக்குச் சந்தேகமே வராத இடத்தில் இயக்குநருக்கு என்ன வேலை? அச்சத்தை நோக்கி ஒரே நேர்கோட்டில் தள்ளிக்கொண்டு போவதைச் சிறந்த இயக்கம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இது திடீரென்று முளைத்ததும் இல்லை. தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது 1992-ஆம் ஆண்டுக்கு மணிரத்னத்தின் 'ரோஜா'வுக்குக் கிடைத்தது. எரியும் தேசியக் கொடி மேல் நாயகன் பாய்வதையும், பங்கஜ் கபூரின் லியாகத் தொழுதுகொண்டிருப்பதையும் மாறி மாறிக் காட்டும் காட்சி நம் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த ஒருமைப்பாடு யாருடைய தேசத்துக்கு என்று தேஜஸ்வினி நிரஞ்சனா 1994-லேயே ஒரு கட்டுரையில் கேட்டார். ஆனாலும் 'ரோஜா'வில் லியாகத்துக்குத் தங்கை உண்டு, தம்பியை இழந்த துக்கம் உண்டு. கடைசியில் நாயகனைப் போக விடுகிறான். அதே விருது 2023-ல் 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' படத்துக்குப் போனது. 1990-ல் பண்டிட்டுகள் பட்டது பெருங்கொடுமை, அதைப் படமாக்கும் உரிமை யாருக்கும் உண்டு. ஆனால் அதன் காட்சி முடிந்து சில தியேட்டர்களில் முஸ்லிம்களுக்கு எதிரான கோஷங்கள் எழுந்த பிறகும் அதற்கு 'ஒருமைப்பாடு' என்று பட்டம் கட்டியது அரசு. ஃபாத்திமாவாகப் பிறந்து, சுனில் தத்தை மணந்த நர்கிஸின் பெயரில் அந்தப் பட்டம். அடுத்த வருட விருதுகளில் அந்தப் பெயரும் எடுக்கப்பட்டுவிட்டது.

'புடிக்கலன்னா பாக்காத, அவ்ளோதானே' என்று நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அது பொருந்தும். என்னோடு பெங்களூரில் வேலை பார்த்த மலப்புறத்துப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. டீமில் டிக்கெட் போடும் பேச்சு வந்தபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க. ஆனா திங்கக்கிழமை எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க." பார்க்காமல் இருப்பது அவர் கையில் இருந்தது. பார்த்துவிட்டு வருகிறவர்களின் பார்வை அவர் கையில் இல்லை.

தனியார் ஒருவர் எடுத்த படத்துக்கு விமர்சனத்தால் பதில் சொல்லலாம், இன்னொரு படம் எடுத்துப் பதில் சொல்லலாம். அரசு முத்திரை குத்திய படத்துக்கு அந்தப் பெண் எங்கே போய்ப் பதில் சொல்வார்? 2025 செப்டம்பர் 23 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் இந்த விருதுகளை வழங்கினார். குடியரசு என்பதில் அவரும் சேர்த்திதான். எண்ணுக்குத் தரவு இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட படத்துக்கு, அவர் பெயராலும் ஒரு பதக்கம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.